கட்டித் தீர்த்த கடனும் தீராத குற்றமும்

கிராமத்திற் கைமாற்றாகக் கொடுக்கப்படும் பணத்திற்கு இரண்டு முகங்களே உண்டு. கொடுத்தவன் ஒருவன், வாங்கியவன் மற்றவன். குறித்த தவணையிற் பணம் திரும்பாவிடின் வாய்த்தர்க்கம் மூளும். நல்லது கெட்டதற்குக்கூடப் போக்குவரத்து நின்றுவிடும். ஆயினும், என்றோ ஒரு நாள் முதலும் வட்டியும் கைக்கு வந்து சேர்ந்ததும் கடன் சீட்டுக் கிழித்தெறியப்படுகின்றது. சீட்டோடு கோபமும் கிழிந்துவிடுகின்றது. ‘அன்று பொய் சொல்லித்தானே வாங்கினாய்’ என்று அதன் பின்னர் எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஊரார் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

வங்கியிற் பெறும் கடனுக்கோ மூன்றாவது முகமொன்று உண்டு. கருமபீடத்திற்கு அப்பால் அமர்ந்திருக்கும் முகாமையாளர் கொடுப்பது தமது பணத்தையன்று. மகளின் கலியாணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர், ஓய்வூதியத்தைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைத்தவர், கடையடைத்ததும் அன்றைய வரவைக் கொண்டுவந்து கட்டுபவர் ஆகியோரின் பணமே கடனாகின்றது. கடன் வழங்கப்படும்போதும் அவர்கள் அங்கில்லை; கடன் தீர்க்கப்படும்போதும் அவர்கள் அங்கில்லை. அவ்வாறாயின், பொய்ப் பத்திரங்களைக் காட்டிக் கடன் பெற்றான் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவன் பணத்தைத் திருப்பிக் கட்டியதும் வங்கி கிழித்துப்போடும் சீட்டோடு குற்றமும் கிழிந்துவிடுமா? இந்திய நீதிமன்றங்கள் முப்பது ஆண்டுகளாக இவ்வினாவுடன் மல்லுக்கட்டி வருகின்றன. அதற்குக் களமாக அமைந்தது குற்றவியல் நடவடிக்கையை இரத்துச் செய்யுமாறு கோரும் மனு ஆகும்.

இம்மனுவின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். வங்கி முறைப்பாடு செய்கின்றது. பொலிசாரோ மத்திய புலனாய்வுப் பணியகமோ முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்கின்றனர். புலனாய்வின் முடிவிற் குற்றப்பத்திரிகை தாக்கலாகின்றது. வழமையான பாதையிற் சென்றால் அடுத்தது விசாரணை. சாட்சிகள் வரவேண்டும், குறுக்கு விசாரணை நடக்கவேண்டும், தீர்ப்பு வரவேண்டும். அப்பாதையின் இடைநடுவில், சில வேளைகளில் அதன் தொடக்கத்திலேயே, எதிரி மாநில உயர் நீதிமன்றத்தை அணுகி ‘இவ்வழக்கே நடைபெறலாகாது’ என வேண்டுகின்றான். (நம் நாட்டில் மேல் நீதிமன்றம் எனப்படுவதையே அங்கு உயர் நீதிமன்றம் என்பர், அதற்கும் மேலானது உச்ச நீதிமன்றம்.) நீதியின் நோக்கத்தைக் காப்பதற்கும் நீதிமன்ற நடைமுறை துஷ்பிரயோகம் செய்யப்படுவதைத் தடுப்பதற்கும் உயர் நீதிமன்றத்திற்கு இயல்பாகவே உள்ள அதிகாரம், 1923இல் பழைய நடவடிக்கைக் கோவையின் 561அ பிரிவாக எழுத்தில் இடம்பெற்றது. 1973ஆம் ஆண்டுக் கோவையில் அது 482ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அது 528ஆம் பிரிவாக நிற்கின்றது. இலக்கங்கள் மாறினவேயன்றி அதிகாரத்தின் உயிர் மாறவில்லை.

ஆனால், இவ்வதிகாரத்திற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மனுவை விசாரிக்கும் நீதிபதி சாட்சியை எடைபோடுவதில்லை. முறைப்பாட்டிலும் குற்றப்பத்திரிகையிலும் கூறப்பட்டவற்றை உண்மையெனவே கொண்டு, அப்போதும் குற்றமொன்று தோன்றுகின்றதா என்று மட்டுமே நோக்குகின்றார். 1960இல் ஆர். பி. கபூர் வழக்கில் இந்நெறி வரையறுக்கப்பட்டது. 1990இல் பஜன் லால் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரத்துச் செய்யத்தக்க நிலைமைகள் ஏழினை உதாரணமாக எடுத்துக்காட்டியதோடு, இவ்வதிகாரம் மிக அரிதாகவே பயன்படுத்தப்படவேண்டும் என்றும் எச்சரித்தது.

இத்தகைய அதிகாரம் ஏன் வேண்டும்? அரிசி ஆலைக்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் இயந்திரம் வாங்கக் கடன் பெறுகின்றார். ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் நட்பின் பொருட்டுப் பிணையாளியாகக் கையொப்பமிடுகின்றார். இரண்டு போகம் மழை பொய்க்கின்றது. ஆலை நிற்கின்றது; தவணை தவறுகின்றது. இது கடன் தவறலேயன்றிக் குற்றமன்று. கடனை அறவிடுவதற்கு வங்கிக்குத் தனி வழிகள் உண்டு. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கடன் மீட்புத் தீர்ப்பாயங்கள் நிறுவப்பட்டன. நீதிமன்றத்தின் தலையீடின்றியே ஈட்டுச் சொத்தைக் கையகப்படுத்தும் உரிமையை 2002ஆம் ஆண்டுச் சட்டம் வங்கிகளுக்கு வழங்கிற்று. ஆயினும், அறவிடும் வழி நீண்டதாகத் தோன்றும்போது, பொலிஸ் முறைப்பாடு என்னும் குறுக்குவழி கண்ணிற் படுகின்றது. சிறைப் பயம் செய்யும் வேலையைத் தீர்ப்பாயத்தின் கட்டளை செய்வதில்லை.

அந்நிலையில் ஆலைக்காரரும் ஆசிரியரும் ஒரே குற்றப்பத்திரிகையில் முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி ஆகிவிடுகின்றனர். ஆசிரியர் தவணைக்குத் தவணை நகரத்திற்கு பஸ் ஏறவேண்டும். இறுதியில் விடுதலை கிடைத்தாலும், ஊராரின் பார்வையில் ‘வங்கியை ஏமாற்றியவர்’ என்ற பெயர் அதற்கு முன்னரே நிலைபெற்றுவிடும். இத்தகைய வழக்குகளில் விசாரணையே தண்டனையாகின்றது. அவரைக் காப்பதற்கே இரத்துச் செய்யும் அதிகாரம் பிறந்தது எனலாம். அவருக்குச் சட்டம் தரும் கேடயமும் தெளிவானது. வஞ்சித்தல் என்னும் குற்றத்திற்கு, பணத்தைக் கேட்ட அந்தக் கணத்திலேயே வஞ்சக எண்ணம் இருந்திருக்கவேண்டும். பின்னர் வாக்குத் தவறியமை மட்டும் வஞ்சகமாகாது என உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் விளக்கியது. கடன் கணக்கொன்றை மோசடியென வங்கி முத்திரை குத்துமுன், கடனாளியின் விளக்கத்தைக் கேட்டேயாகவேண்டும் என 2023இல் அதே நீதிமன்றம் தீர்த்ததும் இந்நோக்கிலேயே.

இதுவரை பாதை நேரானது. பணம் திருப்பிக் கட்டப்பட்ட இடத்திலேயே அது இரண்டாகப் பிரிகின்றது.

1996இல் டங்கன்ஸ் அக்ரோ நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வங்கிகள் தொடுத்த உரிமையியல் வழக்குகள் சமாதானமாகத் தீர்ந்திருந்த நிலையில், குற்றவியல் நடவடிக்கையை இரத்துச் செய்த கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முடிவு ஏற்கப்பட்டது. 2008இலும் வங்கியுடன் இணக்கங்கண்ட கடனாளி ஒருவருக்கு எதிரான நடவடிக்கை இரத்தாயிற்று. தகராறின் உள்ளீடு உரிமையியல் சார்ந்ததே என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். இங்கு ஒரு சட்டச் சிக்கலும் எழுந்தது. வஞ்சித்தற் குற்றத்தை நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசமாகத் தீர்க்கச் சட்டம் இடந்தருகின்றது. பெறுமதியான பத்திரத்தைப் போலியாக ஆக்குதலாகிய குற்றத்திற்கோ அவ்விடமில்லை. சட்டம் சமரசத்திற்குக் கதவடைத்த குற்றத்தை, இயல்பான அதிகாரம் என்னும் சாளரத்தின் வழியே வெளியேற்றலாமா? 2012இல் கியான் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதற்கு விடை கண்டது. இரண்டும் வேறு வேறு அதிகாரங்கள். கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை போன்றவை சமரசத்தால் அழியா. ஆனால், வணிகம், நிதி, கூட்டு வியாபாரம், திருமணம் முதலியவற்றில் உரிமையியற் சாயலே மேலோங்கி நிற்பின் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்யலாம் என்றது அது.

‘நிதி’ என்ற அச்சொல்லைப் பற்றிக்கொண்டு வந்தவர் பலர். அடுத்த சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றமே அக்கதவைப் பாதி மூடியது. 2013இல், தீர்ப்பாயத்தின் கட்டளைப்படி வங்கி தன் கடனை மீட்டுக்கொண்டது சமரசமாகாது என்றது. 2014இல் வந்த வழக்கில், பெயரளவில் மட்டுமே இருந்த நிறுவனங்களைக் காட்டி நாணயக் கடிதங்கள் பெறப்பட்டன என்பது குற்றச்சாட்டு. வங்கி ‘நிலுவை இல்லை’ எனச் சான்றிதழ் தந்திருந்தும் விசாரணை தொடரவேண்டும் எனத் தீர்க்கப்பட்டது. 2015இல், போலி ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிய வழக்கிலும் அதே முடிவு. அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்த வழக்கொன்றும் மேன்முறையீட்டில் உயிர்பெற்றது. கணவன் சொற்படி கையொப்பமிட்டேன் என்று பெண்ணொருவர் கூறும் வாதமோ, நீதிமன்றங்களின் வேலைப்பளுவோ இரத்துச் செய்வதற்குப் போதிய காரணமாகாது என அதிற் கூறப்பட்டது. 2017இல் மூன்று நீதிபதிகளின் அமர்வு, நாட்டின் நிதி நலனைத் தாக்கும் பொருளாதாரக் குற்றங்கள் தனியொரு வகையில் நிற்பன என இவற்றைத் தொகுத்துக் கூறியது. எனினும், முரண்பாடு முற்றாக ஒழிந்துவிடவில்லை. 2024ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தின் இரு அமர்வுகள் இரு திசையில் நடந்தன. வங்கியோடு கணக்குத் தீர்த்தவர்களுக்கு எதிரான நடவடிக்கையை ஓரமர்வு இரத்துச் செய்தது. அத்தகைய தீர்வைக் காட்டி வந்த வேறொரு மனுவை மற்றோரமர்வு நிராகரித்தது.

இவ்விரண்டு போக்குகளையும் சட்ட நுணுக்கமாக மட்டும் நோக்கின் உண்மை புலப்படாது. பயன் பெறுபவர் எவர் என்று நோக்கல் வேண்டும். மேலே கண்ட ஆசிரியர் இரத்து மனு தாக்கல் செய்தால், ‘ஈட்டு நிலத்தின் மதிப்பு மிகைப்படுத்தப்பட்டது இவருக்கும் தெரியும்’ என்ற ஒரு வரி குற்றப்பத்திரிகையில் இருந்தாலே போதும். ‘அது விசாரணையில் முடிவு செய்யவேண்டிய விடயம்’ என அவர் திருப்பியனுப்பப்படலாம். சாட்சியை எடைபோடலாகாது என்ற விதி அவருக்கு எதிராக நிற்கின்றது. கட்டித் தீர்ப்பதற்கு அவரிடம் பணமுமில்லை. போலிப் பத்திரத்தால் பெருந்தொகை பெற்று, அதனை முதலாக்கிப் பெருக்கிக்கொண்டவனோ, பிடிபட்ட பின் ஒரு பகுதி வட்டித் தள்ளுபடியோடு கணக்கைத் தீர்த்துச் சான்றிதழுடன் வருகின்றான். அவன் பத்திரம் பொய்யா மெய்யா என்ற வாதத்திற்கே போகவேண்டியதில்லை. ஏழையின் நேர்மையை நிறுவ விசாரணை வேண்டும். செல்வனின் பொய்யை மறைக்க ஒரு பற்றுச்சீட்டுப் போதும். கடன் தீர்ந்தமையே இரத்துச் செய்வதற்குக் காரணமாகும் வரை, நேர்மையாளனுக்கெனச் செய்த கேடயம் வசதி படைத்தவனின் கையிலேயே சேரும். அப்போது மோசடியென்பது குற்றமாக அல்லாமல், பிடிபட்டால் மட்டும் திருப்பிக் கட்டவேண்டிய ஒருவகைக் கடனாக மாறிவிடும்.

மறுபக்க வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பணம் திரும்பி வருவது வைப்பாளருக்கும் நன்மையே. கட்டினாலும் வழக்கு ஓயாது எனின் கட்டுவதற்கு எவன் முன்வருவான்? பதினைந்து ஆண்டு கழித்து வரும் தண்டனையிலும் இன்று வரும் பணம் மேலன்றோ? இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், திருப்பிக் கொடுத்தமைக்கு உரிய இடம் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும் கட்டமே. அங்கு அது தாராளமாகக் கணிக்கப்படட்டும். நடந்ததே நடக்கவில்லை என்று ஆக்கும் வலிமையை அதற்கு அளிப்பது வேறு. தாமதம் என்பதும் பல வேளைகளில் எதிரிகளே தேடிப் பெறும் இடைக்காலத் தடைகளின் விளைவாகும். காரணங் காட்டாது பொதுப்படையாகத் தடைகள் வழங்கப்படுவதை உச்ச நீதிமன்றம் 2021இல் கண்டித்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இவை அயல்நாட்டுச் சங்கதிகள் என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது. 1883ஆம் ஆண்டின் நமது தண்டனைச் சட்டக்கோவை, 1860ஆம் ஆண்டின் இந்தியக் கோவையை முன்மாதிரியாகக் கொண்டே ஆக்கப்பட்டது. வஞ்சித்தலுக்கு அங்கு எழுதப்பட்ட இலக்கணத்தின் சாயலிலேயே இங்கும் இலக்கணம் எழுதப்பட்டது. அங்குள்ள நீதிபதிகள் அதற்குத் தேடும் பொருள் நமக்கும் உரியதே.

எனவே, இரத்து மனுவொன்றின் முன் கேட்கப்படவேண்டிய வினா ‘பணம் வந்துவிட்டதா?’ என்பதன்று. ‘பணம் கேட்கப்பட்ட அன்று சொல்லப்பட்டது மெய்யா, பொய்யா?’ என்பதேயாகும். சொல்லப்பட்டது மெய்யாயின், ஒரு சதமேனும் திரும்பி வராவிடினும் ஆசிரியர் வீடு செல்லவேண்டும். அவரைக் காக்க நீதிமன்றம் தயங்கலாகாது. சொல்லப்பட்டது பொய்யெனப் பத்திரங்களே காட்டுமாயின், கடைசிச் சதம் வரை கட்டப்பட்டிருந்தாலும் அவன் விசாரணைக்கு முகங்கொடுக்கவேண்டும்.

கைமாற்றுக் கடனில் சீட்டைக் கிழிக்கும் உரிமை பணம் கொடுத்தவனுக்கு உண்டு. ஏனெனில் ஏமாந்தவனும் அவனே. வங்கிக் கடனிலோ ஏமாந்தவர் சேமிப்புப் புத்தகத்துடன் வேறெங்கோ வரிசையில் நிற்கின்றார். அவரைக் கேளாது அச்சீட்டைக் கிழிக்க முகாமையாளருக்கு உரிமையில்லை.