அட்டை எண்ணை மாற்றலாம், நோயை?

2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் நுழைய ஒரு திருட்டுக் கடவுச்சொல்லே போதுமாக இருந்தது. அந்த நுழைவாயிலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் 2.2 கோடி டாலர் பிணைத்தொகை கொடுத்தது. அதன் பிறகும் இன்னொரு கும்பல் திருடப்பட்ட அதே மருத்துவத் தரவைக் காட்டி மிரட்டியது. பாதிக்கப்பட்டோர் சுமார் 19 கோடி.

இப்படித் தரவு பறிபோனவர்களின் முதல் வேலை, கடன் தகவல் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் கடன் அறிக்கையை முடக்குவது. 2018 முதல் இது இலவசம். தரவைப் பறிகொடுத்த நிறுவனங்கள் பெருந்தன்மையாக நீட்டும் ‘இலவசக் கண்காணிப்பு’ திருட்டு நடந்த பிறகுதான் மணியடிக்கும். போகாத மருத்துவமனையின் பெயர் காப்பீட்டு அறிக்கையில் தென்பட்டால் உடனே காப்பீட்டாளரிடம் சொல்ல வேண்டும். மருத்துவத் தகவல்களைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி 180 நாள்களுக்குள் சுகாதாரத் துறையிடம் புகார் தரலாம். இழப்பீட்டு வழக்குக்கு அச்சட்டம் தனிநபருக்கு இடம் தருவதில்லை. அதற்கு மாநிலச் சட்டங்களைத்தான் நாட வேண்டும்.