பேதுருவும் ஓர் எலுமிச்சம்பழமும்: ஞாயிறு வகுப்பில் நான் கற்ற பாடம்



வாரத்தில் ஐந்து நாள்கள் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஞாயிறு காலையில் எங்கள் ஆலயத்தின் பின்புறத்து அறையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. இவ்விரண்டையும் நான் கலப்பதில்லை. தமிழ்ப்பள்ளியில் என்முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் இந்துப் பிள்ளைகள். அங்கு நான் நடத்துவது நன்னெறிக் கல்வி. வேதாகமத்தைத் திறப்பது ஞாயிறு வகுப்பில் மட்டுமே. ஆயினும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கற்றுக்கொண்ட பாடம், என் திங்கட்கிழமை வகுப்புகளையும் மாற்றிவிட்டது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2018ஆம் ஆண்டு. எட்டு முதல் பத்து வயது வரையிலான பதினோரு பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தனர். அன்றைய பாடத்தின் தலைப்பு, 'கடவுள்மேல் கண்ணை வைத்திருத்தல்'. அதற்காக மத்தேயு நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன். இயேசு கடலின்மேல் நடந்து வருகிறார். பேதுரு படகிலிருந்து இறங்கி அவரை நோக்கி நடக்கிறார். பலத்த காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்குகிறார். மாற்கும் யோவானும் இயேசு கடல்மேல் நடந்ததைச் சொல்கின்றனர். ஆனால், பேதுரு நடந்ததை மத்தேயு மட்டுமே எழுதியிருக்கிறார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், "பீடிகை சரியாக அமைந்தால் பாடத்தில் பாதி முடிந்துவிடும்" என்று சொல்வார். அந்தப் பழக்கம் என்னை விட்டதில்லை. 1986ஆம் ஆண்டு கலிலேயாக் கடலோரத்தில், இயேசு வாழ்ந்த நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பழைய மீன்பிடிப் படகொன்று சேற்றிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 8 மீட்டர், அகலம் 2 மீட்டருக்குச் சற்று அதிகம். அந்த அளவை அளந்து, அறையின் தரையில் வண்ண ஒட்டுநாடாவால் ஒரு படகு வரைந்தேன். பதினோரு பேரும் அதனுள் அமர்ந்தனர்.

கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி என்பதையும் விளக்கினேன். நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர். கடல் மட்டத்திற்குச் சுமார் 210 மீட்டர் தாழ்வில் கிடக்கிறது. சுற்றிலும் மேடான நிலம். மேலிருந்து குளிர்ந்த காற்று திடீரென இறங்கும்போது ஏரி கொந்தளித்துவிடும். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டனர்.

அதன்பின் ஒரு விளையாட்டு. படகிலிருந்து சுவர் வரை ஒரு நேர்க்கோடு. கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த இயேசுவின் படத்தைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். மற்றவர்கள் இருபுறமும் நின்று கைதட்டிக் கூச்சலிட்டுக் கவனத்தைக் கலைப்பார்கள். பழம் விழுந்தால் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். ஒரே சிரிப்பு. இருவர் மட்டுமே கடைசி வரை சென்றனர்.

வெண்பலகையில் நான் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'கண்ணை எடுத்தால் மூழ்குவோம்.'

பதினோரு பேரும் அதனை உரக்க வாசித்தனர். மனநிறைவோடு துணைப்பொருள்களை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

பிள்ளைகள் கலைந்த பிறகு ஒருத்தி மட்டும் நின்றிருந்தாள். ஒன்பது வயது. இரண்டாவது அடியிலேயே அவளுடைய பழம் விழுந்திருந்தது. எல்லாரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் என் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவளுடைய தந்தையார் சிறுநீரக நோயால் காலமாகியிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளம்மா" என்றேன். என் கண்கள் சுவர்க் கடிகாரத்தின்மேல் இருந்தன. ஆராதனை தொடங்க ஐந்து நிமிடமே இருந்தது.

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, வீட்டுல தினமும் ராத்திரி ஜெபம் பண்ணுவோம். ஒருநாள் நான் கண்ணைத் திறந்துட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க வெளியில பூப்பந்து விளையாடுனாங்க. அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அதனாலதான் அப்பா செத்துட்டாங்களா டீச்சர்?"

கையிலிருந்த கரண்டிகளை மேசைமேல் வைத்தேன். இருபது ஆண்டுகளுக்கு அருகில் பாடம் நடத்திய எனக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. "சேச்சே, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்றேன். அது பதிலன்று, பதில் தெரியாத பெரியவர்கள் சொல்லும் சொல். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சென்றாள். அவளுக்குப் பின்னால் வெண்பலகையில் நான் எழுதிய நான்கு சொற்கள் இன்னும் இருந்தன... மன்னிக்கவும், மூன்றே சொற்கள். அந்த மூன்றும் ஒரு பிள்ளையின் தலையில் எவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டன!

அன்றிரவு அந்த அதிகாரத்தை மீண்டும் வாசித்தேன். பாடத்திட்டத்திற்காக அல்ல, அந்தச் சிறுமிக்காக. பலமுறை வாசித்த பகுதிதான். ஆயினும் நான் கவனிக்காமல் விட்டவை எத்தனை!

முதலாவது, சீடர்களைப் படகில் ஏறச் சொன்னவர் இயேசுவே. அவர்கள் சொல் கேளாமல் சென்றதால் புயலில் சிக்கவில்லை. சொல் கேட்டுச் சென்ற வழியில்தான் புயல் வந்தது. ஆகவே, அந்தக் காற்று எவருடைய தவற்றுக்கும் தண்டனை அன்று. பேதுரு இறங்குவதற்கு முன்னரே அது வீசிக்கொண்டிருந்தது.

இரண்டாவது, பேதுரு மூழ்கத் தொடங்கியதும் கூப்பிட்டார். மிகச் சிறிய கூப்பீடு. அழகான ஜெபத்திற்கு அங்கே நேரமில்லை. இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்தார் என்றுதான் மத்தேயு எழுதுகிறார். ஏன் சந்தேகப்பட்டாய் என்ற கேள்வி அதன் பிறகே வருகிறது. முதலில் கை, பிறகு கேள்வி. நானோ கேள்வியை முன்னால் வைத்துவிட்டு, கையைச் சொல்லாமலே பாடத்தை முடித்திருந்தேன்.

மூன்றாவது, அந்த அதிகாரம் யோவான் ஸ்நானகனின் மரணத்தோடு தொடங்குகிறது. அச்செய்தியைக் கேட்ட இயேசு தனிமையான இடத்திற்குச் செல்கிறார். மக்கள் கூட்டம் அங்கும் பின்தொடர்கிறது. அவர்களுக்கு உணவளித்து அனுப்பிய பின்னரே, தனியே ஜெபிக்க மலைமேல் ஏறுகிறார். உறவினரை இழந்த ஒருவர்தாம் அன்று கடல்மேல் நடந்து வந்தார். அப்பாவை இழந்த பிள்ளைக்கு நான் காட்டியிருக்க வேண்டிய முகம் அதுவல்லவா?

மறுநாள் மாலை அவளுடைய தாயாருக்குத் தொலைபேசியில் பேசினேன். மகள் கேட்டதைத் தயக்கத்தோடு சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் ஓசையே இல்லை. "டீச்சர், ரெண்டு மாசமா அவ ராத்திரியில சரியாத் தூங்குறதில்ல. அப்பாவை நினைச்சுத்தான்னு இருந்தேன். இது எனக்குத் தெரியாதே" என்று அழுதார். அன்றிரவே மகளை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவின் நோயைப் பற்றியும், அவர் எத்தனை ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்றார் என்பதைப் பற்றியும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சிறுபிள்ளை என்று எதையும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தைப் பிள்ளை தன் குற்றத்தால் நிரப்பிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறும் அதே கதை, அதே படகு, அதே எலுமிச்சம்பழம். விதி மட்டும் வேறு. பழம் விழுந்தால் யாரும் விலக வேண்டியதில்லை. கோட்டின் முடிவில் ஒருவர் நிற்பார். பழம் விழுந்தவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பழத்தை எடுத்துக் கரண்டியில் வைத்து, கூடவே நடந்து வருவார். அன்றும் கூச்சல் இருந்தது, சிரிப்பு இருந்தது. பதினோரு பேரும் சுவரைத் தொட்டனர். அந்தச் சிறுமிக்கு நான்கு முறை பழம் விழுந்தது. நான்கு முறையும் கூப்பிட்டாள்.

பாடத்தின் முடிவில், "போன வாரம் டீச்சர் கதையில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்று பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டேன். புயலுக்குக் காரணம் பேதுரு அல்லர் என்பதை விளக்கினேன். ஜெபத்தில் கவனம் சிதறுவது எல்லாருக்கும் நேரும், டீச்சருக்கும் நேரும், அதற்காகக் கடவுள் எவருடைய அப்பாவையும் அம்மாவையும் எடுத்துக்கொள்வதில்லை என்று, யாரையும் குறிப்பிடாமல் சொன்னேன். வெண்பலகையில் இம்முறை, 'மூழ்கினால் கூப்பிடுவோம்' என்று எழுதினேன்.

அப்போது அவள் கையை உயர்த்தினாள். "டீச்சர், ரெண்டு பேரும் படகுல ஏறுன பிறகுதானே காத்து நின்னுச்சு? அப்படின்னா, பேதுரு திரும்பவும் தண்ணி மேல நடந்துதானே வந்திருப்பாரு?"

வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். ஆம், அவர்கள் படகில் ஏறிய பின்னரே காற்று அமர்ந்தது. அப்படியென்றால், மூழ்கிய இடத்திலிருந்து படகு வரை, அதே காற்றில், அதே அலையில் பேதுரு திரும்பி வந்திருக்க வேண்டும். நடந்து வந்தாரா, தூக்கி வரப்பட்டாரா என்று மத்தேயு சொல்லவில்லை. ஆனால், இம்முறை அவர் தனியே வரவில்லை. எத்தனையோ முறை இக்கதையை நடத்திய எனக்கு அந்தத் தூரம் கண்ணில் பட்டதே இல்லை. கவனம் சிதறியதற்காகத் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொண்ட பிள்ளைதான், எங்கள் எல்லாரையும்விடக் கவனமாகக் கதையைக் கேட்டிருந்தாள்.

நண்பர்களே, தமிழில் 'நோக்கு' என்றால் பார். 'நோக்கம்' என்றால் குறிக்கோள். எதை நோக்குகிறோமோ அதுவே நம் நோக்கமாகிறது. பிள்ளைகளின் மனம் கடவுளை நோக்கி இருக்க வேண்டும் என்று விரும்புவது நல்ல விருப்பமே. ஆனால், அச்சுறுத்தி எந்தப் பிள்ளையையும் ஒன்றை நோக்கவைக்க இயலாது. அச்சுறுத்தினால் பிள்ளை தன் தவற்றைத்தான் நோக்கும். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். பயன்படுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் ஜெபம் சிறியதாக இருக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளையை இருபது நிமிடம் கண்மூடி அமரவைத்துவிட்டு, அசைந்தால் அதட்டுவதில் பயனில்லை. பேதுருவின் ஜெபம் ஒரு மூச்சில் முடிந்தது.

நேரத்தையும் இடத்தையும் பழக்கமாக்குங்கள். தானியேல் நாளுக்கு மூன்று வேளை, எருசலேமை நோக்கித் திறந்திருந்த சன்னலருகே மண்டியிட்டார் என்று அவருடைய நூலின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. தடையாணை வந்த நாளில் அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. முன்பு செய்துவந்ததையே செய்தார். நெருக்கடியில் கைகொடுப்பது பழக்கமே.

கவனம் சிதறினால், "எங்கே போய்விட்டு வந்தாய்?" என்று அன்போடு கேளுங்கள். மனம் போன இடத்தில்தான் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் கவலை இருக்கும். அதையே ஜெபமாக்கிவிடலாம்.

இறுதியாக, நாம் முதலில் நோக்குவோம். பிள்ளை பேச வரும்போது என் கண் கடிகாரத்தில் இருந்தது. இன்று பலருக்கு அது கைத்தொலைபேசியில் இருக்கிறது. நம் முகத்தைக் காணாத பிள்ளைக்கு, காணாத கடவுளின் முகத்தைப் பற்றி எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை வகுப்பைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? தமிழ்ப்பள்ளியில் வேதாகமத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆனால், பாட நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனைப் பெயர் சொல்லி அதட்டுவதை நிறுத்திவிட்டேன். இடைவேளையில் அருகே அழைத்து, "ஐயா, என்ன பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்கிறேன். சிலர் பறவையைச் சொல்வார்கள். சிலர் இரவில் வீட்டில் நடந்த சண்டையைச் சொல்வார்கள். ஆராதனைக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்பதுபோல இப்போது நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

அந்தச் சிறுமி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஞாயிறு காலைகளில் சிறு பிள்ளைகளின் வகுப்பில் எனக்கு உதவியாளராக இருக்கிறாள். எலுமிச்சம்பழ விளையாட்டில், கோட்டின் முடிவில் நிற்பவள் அவள்தான்.

உங்கள் வகுப்பறையிலும் இல்லத்திலும் இதுபோன்ற கேள்விகள் எழுந்திருக்கக்கூடும். பிள்ளைகள் கேட்கும்போது கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.