ரேக்கின் பின்கதவு

ஒரகடம் சந்திப்பில் காலை எட்டு மணி என்றால் சியோலிலும் டோக்கியோவிலும் பதினொன்றரை. இங்கே மதியம் இரண்டு மணி ஆகும்போது, குளிர்காலமாக இருந்தால் ஜெர்மனியில் காலை ஒன்பதரை. இந்த வட்டாரத் தொழிற்சாலை அதிகாரிகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும், 2012-இல் டைம்லரின் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இவற்றைப் பின்தொடர்ந்து உதிரிபாகக் கம்பெனிகளும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை சாலையின் இரு பக்கமும் நிரம்பிவிட்டன. பொருள் செய்வது இங்கே. முடிவெடுப்பது பெரும்பாலும் கடல் கடந்து. இரண்டையும் தினந்தோறும் இணைப்பது வீடியோ கான்ஃபரன்ஸ்.

கூட்ட அறைக்குள் உட்காருபவர் கண்ணில் படுவது பெரிய திரை, அதன் மேல் ஒரு கேமரா, மேஜையில் மைக். உண்மையில் வேலை செய்பவை அறை மூலையிலோ பக்கத்து அறையிலோ ஒரு கறுப்பு இரும்புச் சட்டத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் அதை ரேக் என்பார்கள். அந்த ரேக்கைக் கட்டுபவர்களைப் பார்க்கத்தான் போனேன்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ளே ஒதுங்கிய ஒரு சிறிய யூனிட் அது. பெயர் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். முன்பாதியில் தகரப் பட்டறை, பின்பாதியில் குளிரூட்டப்பட்ட அசெம்பிளி கூடம். தகடாக உள்ளே வரும் இரும்பு, விளக்கு எரியும் ரேக்காக வெளியே போகிறது.

தகரப் பட்டறையில் முதல் வேலை துளை போடுவது. ரேக்கின் முன்முக அகலம் உலகம் முழுக்க 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் கருவிகளைத் தாங்க வந்த அளவு இது. இன்று எந்த நாட்டில் செய்த ஆம்ப்ளிஃபையரும் ஒரகடத்தில் செய்த சட்டத்தில் இடக்குமுடக்கு இல்லாமல் உட்காருவதற்கு அந்தப் பழைய அளவே காரணம். உயரத்தை 'யூ' கணக்கில் சொல்கிறார்கள். ஒரு யூ 44.45 மில்லிமீட்டர். அதற்குள் மூன்று துளைகள். துளைகளின் இடைவெளி சமமாக இருக்காது: 15.9, 15.9, பிறகு 12.7. இந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். கருவியைத் திருகி நிறுத்தும் கேஜ் நட்டை ஒரு துளை தள்ளி மாட்டிவிட்டால், மேலே வரும் கருவிகள் எல்லாம் ஒரு துளை தள்ளிப் போகும். கடைசியில் ஒன்றுக்கு இடமே இருக்காது.

துளை போட்டு, மடித்து, வெல்டிங் முடிந்த சட்டம் செவன் டேங்க் என்ற ஏழு தொட்டி வரிசைக்குப் போகிறது. எண்ணெய் நீக்குவது, துரு நீக்குவது, பாஸ்பேட் பூச்சு, இடையிடையே அலசல். அதன் பிறகு பவுடர் கோட்டிங். ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வெந்து வெளிவரும்போது பவுடர் உருகி இரும்போடு ஒட்டி, வழவழப்பான கறுப்பு ஆகியிருக்கிறது. அடுப்பு வாயில் நிற்கும் இளைஞர் ஒடிசாவிலிருந்து வந்தவர். பூச்சின் பளபளப்பைப் பார்த்தே அடுப்பின் சூடு ஏறியதா இறங்கியதா என்று சொல்லிவிடுகிறார்.

அசெம்பிளி கூடத்தில் ஒரு 24 யூ ரேக் பாதி நிரம்பி நின்றது. மேற்பார்வையாளர் செய்யாறு பக்கத்துக்காரர். பதினைந்து ஆண்டாக இதே வேலை. முன்பக்கம் நின்று நான் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "முன்னாடி பாத்தா எல்லா ரேக்கும் ஒண்ணு மாதிரிதான் சார் இருக்கும். பின்கதவத் தொறந்து பாருங்க, அப்பதான் யார் கட்டினதுன்னு தெரியும்."

பின்னால் போனோம். அடியில் யுபிஎஸ், பேட்டரி கனம் என்பதால் எப்போதும் அதற்கு அடித்தட்டுதான். அதற்கு மேல் ஆம்ப்ளிஃபையர். சூடு கக்கும் கருவி என்பதால் மேலே ஒரு யூ காலியாக விட்டு, முன்பக்கம் வெற்றுத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். மூடாவிட்டால் பின்னால் வெளியேறிய சூடான காற்று முன்பக்கம் சுற்றி வந்து மீண்டும் உள்ளேயே போய்விடும். நடுவில் டிஎஸ்பி, மைக்குகளின் ஒலியை வாங்கிச் சுத்தம் செய்யும் கருவி. அடுத்தது கோடெக். படத்தையும் குரலையும் சுருக்கி அனுப்புவதும், எதிர்முனையிலிருந்து வருவதை விரிப்பதும் அதுதான். மேலே பிஓஇ சுவிட்ச். கேமராவுக்குத் தகவலும் மின்சாரமும் ஒரே கேபிளில் போக வழி செய்கிறது. 2009-இல் வந்த தரப்படி ஒரு போர்ட்டுக்கு 30 வாட் வரை கொடுக்கலாம். அறை கேமரா கழுத்தைத் திருப்ப அது போதும். உச்சியில் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனல். இந்த ரேக்கில் கோடெக்கும் டிஎஸ்பியும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. சட்டம், தட்டு, மின்பட்டை, கேபிள், கட்டுமானம் எல்லாம் இங்கே.

மின்சாரக் கேபிள்கள் எல்லாம் ஒரு ஓரமாகவும், சிக்னல் கேபிள்கள் எல்லாம் எதிர் ஓரமாகவும் இறங்கின. இரண்டும் குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்தன. பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் மின்சாரத்தின் இரைச்சல் மைக் கேபிளில் ஏறி, கூட்டம் முழுக்க 'உம்ம்' என்று ஒரு முனகல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பேட்ச் பேனலில் கேபிள் முடித்துக்கொண்டிருந்தவர் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். ஐடிஐயில் எலக்ட்ரானிக் மெக்கானிக் படித்தவர். வெளித்தோலை ஒரு சுற்றுச் சுற்றி உரித்தார். உள்ளே நான்கு முறுக்கு ஜோடிகள். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன் என்று வாய்க்குள் முணுமுணுத்தபடியே கம்பிகளைப் பிரித்தார். பிரித்தது மிகக் கொஞ்சம். "முறுக்கு பிரிஞ்சா போச்சு சார். அரை அங்குலத்துக்கு மேல பிரிக்கவே கூடாது. டெஸ்டர்ல பாஸ் ஆயிடும். ஆனா படம் ஓடும்போது கட்டம் கட்டமா உடையும்" என்றார். ஜோடிக் கம்பிகள் முறுக்கிக்கொண்டு கிடப்பதால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, கடைசியில் ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. அந்த இயற்பியல் அவர் விரல் நுனியில் அரை அங்குலமாக இருக்கிறது. எட்டுக் கம்பிகளையும் பள்ளங்களில் வைத்து, பஞ்ச் டூலால் தட்டினார். எட்டு முறை 'டக்' என்ற ஒரே சத்தம். ஒன்று மாறிக் கேட்டாலும் பிடுங்கிவிட்டு மறுபடி போடுவாராம். பிறகு கேபிள் கட்டை வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டினார். பிளாஸ்டிக் டையால் இறுக்கினால் உள்ளே ஜோடிகள் நசுங்கும்; மின்சாரமும் ஓடும் கேபிள் என்பதால் சூடும் தங்கும்.

எர்த்திங் போடுபவரிடம் வெகுநேரம் நின்றேன். பவுடர் கோட்டிங் அழகுதான். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. பச்சை-மஞ்சள் வயரைப் பெயின்ட் மேலேயே வைத்துத் திருகினால், பார்ப்பதற்கு எர்த் இருக்கும், வேலைக்கு இருக்காது. அவர் பல் வைத்த ஸ்டார் வாஷரை வைத்துத் திருகினார். பல் பெயின்ட்டைக் கிழித்து இரும்பைக் கவ்வியது. மீட்டரை வைத்துப் பார்த்தார். கதவு, பக்கத் தகடு, தட்டு என்று கழற்றக்கூடிய ஒவ்வொன்றுக்கும் தனி வயர் இழுத்து, ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்தார். ஒரு நாள் யுபிஎஸ் கசிந்து, கதவைத் திறப்பவருக்கு ஷாக் அடிக்காமல் இருந்தால் அது இந்த வாஷரால்தான். காப்பாற்றப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது.

கட்டி முடித்த ரேக்கை இரவு முழுக்க ஓடவிடுகிறார்கள். மறுநாள்தான் குரல் சோதனை. கூட்ட அறையில் எதிர்முனைக்காரரின் குரல் ஸ்பீக்கரில் வந்து, நம் மைக்கில் ஏறி, அவருக்கே திரும்பிப் போகக் கூடாது. டிஎஸ்பிக்கு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் ஒரு பிரதி கிடைத்தால்தான் மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழிக்க முடியும். அந்தப் பிரதிக்கான இணைப்பு விட்டுப்போனால், கருவி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் எதிரொலி நிற்காது. இங்கே இருக்கும் அறைக்குள் கேட்டால் பிழையே தெரியாது, பாதிக்கப்படுவது எதிர்முனை. அதனால் சோதிப்பவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கிருந்து ரேக்கோடு பேசுகிறார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் குரல் வெட்டுப்படுகிறதா என்றும் பார்க்கிறார். ஒரு முனையில் பேசியது மறுமுனையில் கேட்க 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதில் பெரும்பகுதி தூரத்துக்கும் இணையத்துக்கும் போய்விடும். ரேக் அதில் தன் பங்குக்கு மேல் ஒரு மில்லி விநாடியும் தின்னக் கூடாது.

இந்த வட்டாரத்தின் எலக்ட்ரானிக்ஸ் திறமை நேற்று வந்ததல்ல. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியபோது வட மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வந்தார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. வேலை போனது, கை பழகியது போகவில்லை. இந்த யூனிட்டில் தரச் சோதனை செய்யும் ஓர் அக்கா அங்கிருந்து வந்தவர்தான். சால்டர் இணைப்பைக் கண்ணாடி வைத்துப் பார்த்தே குறை சொல்லக் கற்றது அங்கே. 2024 செப்டம்பரில் சிஸ்கோ நிறுவனம் ஃப்ளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னைப் பகுதியில் ரவுட்டர் உற்பத்தியைத் தொடங்கியது. வீடியோ ஓடும் பாதையில் நிற்கும் கருவிகளும் இங்கேயே உருவாகத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம்.

வளர்ச்சியின் கணக்கில் தொழிலாளர் பட்ட பாடும் உண்டு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் உடல்நலம் கெட்டபோது, இந்த வட்டாரத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் எங்கே படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாடு கேட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் சின்ன யூனிட்டுகளின் தொழிலாளர்கள் இன்னமும் வாடகை அறைகளில் நெருக்கிப்பிடித்துத்தான் இருக்கிறார்கள்.

இந்த ரேக்குகள் கம்பெனிக் கூட்ட அறைகளுக்கு மட்டும் போவதில்லை. 2000-ஆம் ஆண்டிலேயே சித்தூர் மாவட்டம் அரகொண்டா கிராமத்து நோயாளிகளை அப்போலோ மருத்துவர்கள் திரையில் பார்க்கத் தொடங்கினார்கள். வீடியோ வழியாகச் சாட்சியம் பதிவு செய்யலாம் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், விசாரணையையே மின்னணு வழியில் நடத்த இடம் தருகிறது. சிறையில் இருப்பவர் நீதிபதியிடம் சொல்லும் ஒரு வாக்கியம் வெட்டுப்படாமல் போய்ச் சேர வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்காத அந்தப் பெண்ணின் கவனத்துக்கு அங்கே நீதியோடு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

புறப்படும்போது ஒரு விலைப்பட்டியலைக் காட்டினார்கள். கோடெக், கேமரா, டிஎஸ்பி என ஒவ்வொரு கருவிக்கும் தனி வரி, மாடல் எண், விலை. இத்தனை கைகளின் வேலையும் கடைசியில் ஒரே வரி: இன்ஸ்டலேஷன். பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது அந்த வரிதான் என்றார் மேற்பார்வையாளர். "மிஷின் வெலய யாரும் கொறைக்க மாட்டாங்க சார். எங்க கைவேலையத்தான் கொறைப்பாங்க." புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி எங்கே என்று கேட்டேன். ஐடிஐயில் சால்டரிங் கற்று வருகிறார்கள், ரேக் கட்டுவதை இங்கே மூத்தவர்களின் பக்கத்தில் நின்றுதான் கற்கிறார்கள் என்றார். அந்த மூத்தவர்களில் பலர் கான்ட்ராக்டில் இருப்பவர்கள். தாங்கள் கற்றதற்குக் காட்ட அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை.

எழுதப்படாத, சான்றிதழ் இல்லாத கைத்திறன் அதை வைத்திருப்பவரோடு போய்விடும். நோக்கியா மூடியபோது ஒரு தலைமுறை அனுபவம் சிதறியதைப் பார்த்த ஊர் இது; இன்னொரு முறை அது நடக்க விடக் கூடாது. ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஐடிஐகளும் பாலிடெக்னிக்குகளும் ரேக் வயரிங்கைத் தனிப் பயிற்சியாகக் கற்றுத்தர வேண்டும். கற்பிக்க இந்த மூத்த தொழிலாளர்களையே அழைக்க வேண்டும். அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ இந்த ரேக்கை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருவியின் விலையில் பேரம் பேசுங்கள். கட்டும் கூலியில் பேசாதீர்கள். ரேக் வந்து இறங்கியதும் வயரிங் வரைபடத்தையும் எர்த் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பின்கதவைத் திறந்து பாருங்கள்.