ஹவானாவில் ஒரு புண்ணின் விளிம்பு

ஹவானாவில் எல்லோரும் மலேக்கோன் கடற்சுவரைப் பார்க்கச் சொன்னார்கள். நான் பாலிகிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். என் பெரியப்பாவுக்குச் செருப்புக் கடித்து ஒரு சின்னப் புண் வந்தது. சர்க்கரை இருந்ததால் அது ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அப்படிப்பட்ட புண்ணை இந்த ஊரில் ஊசி போட்டு ஆற்றுகிறார்கள் என்று படித்த நாளிலிருந்தே வர வேண்டும் என்று இருந்தேன். மாட்ரிடிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து வந்த களைப்பு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

நான் தங்கியது வெதாதோ பகுதியில், ஒரு வீட்டின் மாடி அறையில். வீட்டுக்கார அம்மா என் ஆர்வத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவைத்தார். கரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாரத்தில் மூன்று நாள் ஊசிக்குப் போகிறவர். "பார்க்கத்தானே வந்தாய், வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். அன்று மின்சாரம் இல்லை. நர்ஸ் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் கட்டைப் பிரித்தார்.

கால் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் பாதியளவு புண். உப்புநீரால் கழுவி, செத்த சதையைச் சுரண்டி எடுத்தார். சின்னக் குப்பியில் இருந்த வெள்ளைப் பொடியை நீரில் கரைத்து, புண்ணின் அடியிலும் விளிம்பைச் சுற்றியும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். பெரியவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எரிச்சல் அதிகம், சிலருக்குக் குளிர் நடுக்கமும் வரும். முடிந்ததும் நர்ஸ் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சிவந்த புதுச் சதையின் ஓரத்தில், வெளிறிய இளஞ்சிவப்பில், நூலளவு தோல் உள்நோக்கி ஊர்ந்திருந்தது. போன வாரம் அது அங்கே இல்லையாம். உலகத்தின் பல அதிசயங்களைப் பார்க்கப் போயிருக்கிறேன். அவற்றில் எதன் முன்னாலும் இப்படி வாயடைத்து நின்றதில்லை.

அந்த நூலளவுத் தோலுக்குப் பின்னால் பெரிய காரியம் ஒன்று நடக்கிறது. தோல் கிழிந்ததும் முதலில் வந்து சேருபவை ரத்தத் தட்டணுக்கள். ஒன்றோடொன்று ஒட்டி ரத்தத்தை நிறுத்துவதோடு, உள்ளே பொதிந்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளையும் அங்கேயே கொட்டிவிடுகின்றன. இவை சின்னஞ்சிறு புரதங்கள். பிடிஜிஎஃப் என்ற காரணி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைப் புண்ணுக்கு இழுக்கிறது. வந்தவை கொலாஜனை நிரப்புகின்றன. தட்டணுக்களுக்குப் பின்னாலேயே வரும் மேக்ரோபேஜ்கள் கிருமியையும் செத்த சதையையும் விழுங்கியபடி மேலும் காரணிகளைச் சுரக்கின்றன. விஇஜிஎஃப் என்ற காரணியின் பேச்சைக் கேட்டுப் புது ரத்தக் குழாய்கள் கிளைவிடுகின்றன.

எனக்கு மிகப் பிடித்தது கெரட்டினோசைட்டின் கதை. மேல்தோலின் செல் இது. அடியில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, செத்து உதிர்வதுதான் இதன் வாழ்க்கை. பக்கத்துச் செல்லோடும் அடித்தளத்தோடும் இறுகப் பிணைந்தே கிடக்கும். ஈஜிஎஃப் எனப்படும் மேல்தோல் வளர்ச்சிக் காரணி அதன் ஏற்பியில் வந்து அமர்ந்ததும் குணமே மாறிவிடுகிறது. பிணைப்பைத் தளர்த்துகிறது, தட்டையாகிறது, முன்பக்கம் மெல்லிய இழையை நீட்டித் தரையைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறது. விளிம்பில் இருப்பவை முன்னேற, பின்னால் இருப்பவை பிளந்து பெருகி ஆள் சேர்க்கின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் செல்லைத் தொட்டதும் நடை நிற்கிறது. பிறகு அடுக்கடுக்காய்த் தோலாகிவிடுகின்றன.

சர்க்கரைப் புண்ணில் இந்த நடை எளிதில் தொடங்குவதில்லை. நரம்பு மரத்து, ரத்த ஓட்டம் குறைந்து, அழற்சி அடங்காமல் நீடிக்கிறது. புண்ணில் ஊறும் நீரில் புரதத்தை அரிக்கும் நொதிகள் மிகுந்து, வரும் காரணியையும் அதை ஏற்கும் ஏற்பியையும் தின்றுவிடுகின்றன. நாற்று நட்ட வயலில் ஆட்டை விட்ட கதைதான். மேலே களிம்பாகப் பூசும் காரணியில் பெரும்பகுதி அந்த நீரிலேயே வீணாகும் என்று கியூப விஞ்ஞானிகள் எண்ணினார்கள். ஆகவே ஊசி வழியாகச் சதைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். ஹெபர்ப்ரோட்-பி என்ற அந்த மருந்து கியூபாவில் 2006இல் பதிவானது. ஒரு தடவைக்கு 75 மைக்ரோகிராம். வாரத்துக்கு மூன்று முறை, 8 வாரம் வரை.

ஈஜிஎஃப்பைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஸ்டான்லி கோஹன். ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது, இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. என்ன காரணம் என்று விடாமல் தேடி, அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். அதே 1962இல்தான் அவருடைய நாடு கியூபா மீது முழு வணிகத் தடையை விதித்தது. 1986இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியோடு கோஹன் நோபல் பரிசு பெற்றார். மேற்கு ஹவானாவில் மரபுப் பொறியியல் மற்றும் உயிரித்தொழில்நுட்ப மையம் திறந்ததும் அதே ஆண்டில். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிடைத்த அந்தப் புரதத்தின் மனித வடிவத்தை ஈஸ்டில் வளர்த்து மருந்தாக்கியது அந்த மையம்தான். தடை சரக்குக் கப்பலை நிறுத்தியது. அறிவை நிறுத்த முடியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

பழைய ஹவானாவில் அறிவியல் கழகக் கட்டடத்துக்கும் போனேன். மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று கார்லோஸ் ஃபின்லே 1881இல் வாதிட்டது அந்தக் கழகத்தின் முன்னால்தான். இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் காதுகொடுக்கவில்லை. இந்த ஊருக்கு நோயோடு மல்லுக்கட்டும் பழக்கம் நேற்று வந்ததல்ல.

எல்லாம் செழிப்பாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மருந்துக்கடைகளில் காலி அலமாரிகளைப் பார்த்தேன். சாதாரண மாத்திரைக்கு மக்கள் அலைகிறார்கள். இந்த ஊசியும் எல்லோருக்கும் ஆகாது. செல்லைப் பெருக்கும் மருந்து என்பதால் புற்றுநோய் உள்ளவர்களுக்குப் போடுவதில்லை. அடைபட்ட ரத்தக் குழாயை இது திறக்காது, சர்க்கரையையும் குறைக்காது. புண்ணைச் சுத்தம் செய்வதும் கால் ஊன்றாமல் இருப்பதும் கூடவே நடக்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சின்னக் கொப்புளமோ கீறலோ தென்பட்டால், வலி இல்லையே என்று விட்டுவிடாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள்.