காட்பாடிப் பயணமும் கைப்பேசி வைத்தியமும்

எங்கள் இளைய மகனுக்கு மூன்றாம் வயதில் வலிப்புக் கண்டது. கரக்பூரில் முதற் சிகிச்சை முடிந்ததும், குழந்தைகளின் நரம்பு நோய்களில் தேர்ந்த டாக்டர் ஒருவரிடம் காட்ட எண்ணி வேலூருக்குப் புறப்பட்டோம். இங்கிருந்து காட்பாடி 1,500 கிலோ மீட்டருக்கு மேல். ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் கழிய வேண்டும். ரயில்வே ஊழியருக்குப் பாஸ் உண்டு என்பது மெய்யே. ஆனால் விடுதி வாடகைக்கும், ஓட்டல் சாப்பாட்டுக்கும், கழியும் விடுப்புக்கும் எவரும் பாஸ் தருவதில்லை.

அங்கே டாக்டரம்மாள் குழந்தையின் சட்டையைக் கழற்றி, உடல் முழுவதையும் விளக்கொளியில் பார்த்தார். வலிப்புக்குத் தோலை ஏன் பார்க்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கருவில் மூளையும் தோலும் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன என்றும், வலிப்பை உண்டாக்கும் சில நோய்கள் தோலில் வெளிறிய புள்ளிகளாகத் தெரியக்கூடும் என்றும் அவர் விளக்கினார். எங்கள் மகனுக்கு அத்தகைய புள்ளி ஏதுமில்லை என்று அறிந்து பெருமூச்சு விட்டோம்.

அடுத்த முறை கைப்பேசித் திரையிலேயே பார்க்கலாம் என்றார். மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்ட தொலை மருத்துவ விதிமுறைகள் இதற்கு இடமளிக்கின்றன. நோயாளி சிறுவராயின் பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

டாக்டரின் முன்னிலையில் குழந்தைக்கு வலிப்பு வந்ததே இல்லை. வீட்டில் வந்தபோது மூத்த மகள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். தலை எப்பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் துடித்தது என்பதை டாக்டர் அப்படத்தில் கண்டார். பாட்டியம்மாள் சாவிக் கொத்தைக் குழந்தையின் கையில் திணிப்பதையும் கண்டார்! “சாவி வேண்டாம், அம்மா. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் என் போனுக்குக் காத்திராமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்” என்றார். வேலூருக்கே சென்றிருந்தால் எங்கள் வீட்டுக் கூடத்தை அவர் எங்ஙனம் கண்டிருப்பார்?

எங்கள் மனம் குளிர்ந்தது. விடுப்பு மிச்சம், பணம் மிச்சம், வீட்டிலிருந்தபடியே தமிழில் மனம்விட்டுப் பேசலாம். காலனியில் கண்டவரிடமெல்லாம் இதைப் புகழ்ந்தோம்.

ஓராண்டு இவ்வாறு சென்றது. வலிப்பு நின்றே போயிற்று என்றிருந்த வேளையில், ஒரு விடியற்காலை மீண்டும் வந்தது.

“குழந்தையின் எடை என்ன?” என்று டாக்டர் வினவினார்.

“பதினான்கு கிலோ.”

“சென்ற முறையும் அதைத்தானே சொன்னீர்கள்? எப்போது நிறுத்தீர்கள்?”

வாயடைத்துப் போனோம். வேலூர்ச் சீட்டில் முதன்முதல் எழுதியிருந்ததையே ஒவ்வொரு முறையும் படித்து வந்திருக்கிறோம்! அன்றே பார்சல் ஆபீஸ் தராசில் மகனை நிறுத்தினோம். ஊரார் மூட்டைகளை நாள்தோறும் நிறுத்துச் சீட்டு எழுதும் நாங்கள், பெற்ற பிள்ளையை நிறுத்துப் பார்க்கவில்லை. தராசு பதினேழரை கிலோ காட்டியது. அவனுடைய மருந்து எடைக்குத் தக்கபடி அளக்க வேண்டியது. வளர்ந்த பிள்ளைக்கு வளராத அளவையே கொடுத்து வந்தோம்.

அளவைத் திருத்திய டாக்டர், நேரில் வருமாறும் பணித்தார். சென்றோம். எடையும் உயரமும் பார்த்தார்கள். டாக்டர் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டினார். கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். இவற்றுள் பலவற்றைத் திரை செய்திருக்க முடியாது.

குற்றம் டாக்டருடையதன்று, கைப்பேசியுடையதும் அன்று. எங்கள் திருப்தியே எங்களை ஏமாற்றியது. சௌகரியமாக முடிந்த காரியம் சரியாகவும் முடிந்தது என்று நம்பிவிட்டோம். பெற்றோரின் திருப்தி வேறு, பிள்ளையின் நலம் வேறு என்பதை அன்று உணர்ந்தோம்.

இப்பொழுது ஆண்டுக்கு இருமுறை நேரில் செல்கிறோம். இடையில் திரையில் பார்க்கிறோம். திரைமுன் அமர்வதற்கு முன்னர், அன்றைய எடை, வலிப்புக் கண்ட தேதிகள், தவறிய மருந்து வேளைகள் ஆகிய மூன்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறோம். சொந்த ஊரை விட்டுத் தொலைவில் பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்களும் இவ்வாறே செய்தல் நலம். கைப்பேசி தூரத்தைக் குறைக்கும். தராசின் வேலையையும் டாக்டரின் கை செய்யும் வேலையையும் அது செய்யாது.