எழுத்துகளே எண்களாக

உங்கள் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடத்திற்குச் செல்ல நேர்ந்தால், வகுப்பறை வாயில்களின் மேற்புறத்தைச் சற்றே நோக்குங்கள். வகுப்பின் எண்ணைப் பல பள்ளிகளில் ரோமானிய முறையில்தான் எழுதி வைத்திருப்பார்கள். மாலையில் எங்கள் மதரஸாவிற்கு ஓத வரும் சிறுவரிடம் "எத்தனையாவது வகுப்பு?" என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். எழுதிக் காட்டச் சொன்னால் ஒன்பது பதினொன்றாகிவிடும். 'எக்ஸ்' என்னும் எழுத்திற்கு முன்னால் 'ஐ' நின்றால் ஒன்பது. பின்னால் நின்றால் பதினொன்று. விண்ணப்பப் படிவத்தில் ஓர் எழுத்து இடம் மாறினால் இரண்டு வகுப்புகள் மாறிவிடுகின்றன.

இம்முறையைக் கற்க ஒரு மாலைப் பொழுதே போதும். ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சி நூறு, டி ஐந்நூறு, எம் ஆயிரம். ஆக ஏழே எழுத்துகள். பெரியது முன்னும் சிறியது பின்னும் வந்தால் கூட்ட வேண்டும். சிறியது முந்திக்கொண்டால் கழிக்க வேண்டும். ஆயினும் எந்த எழுத்தும் எதற்கும் முந்திக்கொள்ள முடியாது. ஐ என்பது வி, எக்ஸ் ஆகிய இரண்டின் முன்னே மட்டும் நிற்கும். எக்ஸ் என்பது எல், சி ஆகியவற்றின் முன்னே. சி என்பது டி, எம் ஆகியவற்றின் முன்னே. எனவே தொண்ணூற்றொன்பதை 'ஐ, சி' என்று சுருக்கி எழுதுதல் பிழை. 'எக்ஸ் சி, ஐ எக்ஸ்' என்று எழுதுவதே முறை. கடிகார முகங்களில் மட்டும் நான்கைக் குறிக்க நான்கு கோடுகள் இடும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு.

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபரணியின் மேலே நிற்கும் சுலோசன முதலியார் பாலம் 1843ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அந்த ஆண்டை ரோமானிய எண்ணில் எழுதிப் பாருங்கள்: எம், டி, சி, சி, சி, எக்ஸ், எல், ஐ, ஐ, ஐ. பத்து எழுத்துகள்! இதை வைத்துக்கொண்டு பெருக்கவும் வகுக்கவும் முடியுமா? ஐரோப்பிய வணிகர்கள் கணக்கிடுவதற்குக் காய்ப் பலகையையே நம்பினார்கள். விடையை எழுதி வைக்க மட்டுமே அவ்வெழுத்துகள் பயன்பட்டன. இந்தியக் கணக்கு முறையைப் பற்றி ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அல் குவாரிஸ்மி நூல் இயற்றினார். வட ஆப்பிரிக்காவில் அம்முறையைக் கற்ற பீசா நகரத்து பிபொனாச்சி 1202இல் அதனை லத்தீனில் எழுதினார். அதன் பிறகும் 1299இல் பிளாரன்ஸ் நகரின் நாணய மாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் புதிய இலக்கங்களை எழுதக் கூடாதென்று தடை விதித்தது! பழக்கத்தின் வலிமை அத்தகையது.

எழுத்தை எண்ணாக்கும் வழக்கம் நம் இல்லங்களுக்கும் புதிதன்று. கடிதத்தின் தலைப்பில் 786 என்று எழுதுவோர் உண்டு. அலிஃப் ஒன்று, பே இரண்டு என்னும் அப்ஜத் கணக்கில் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் தொகை அது. அவ்வாறு எழுதலாமா கூடாதா என்னும் விவாதத்திற்குள் நான் இங்கே நுழையவில்லை.

நம் முன்னோர் கையாண்ட தமிழ் எண்களும் எழுத்துகளைப் போலவே தோன்றுபவை. ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்பவற்றோடு பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. இருபதுக்கு ரோமானியர் எக்ஸை இருமுறை எழுதுவர். நம்மவர் ௨௰, அதாவது இரண்டு பத்து என்று எழுதினர். 1843 என்பது ௲௮௱௪௰௩. ஆறே குறிகளில் அடங்கிவிடுகிறது. நாம் வாயால் சொல்லும் வரிசையிலேயே கையும் எழுதுகிறது. கலைப் பட்டப் படிப்பில் உலக வரலாறெல்லாம் படித்தேன். இதை எவரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் ஒரு முதியவரிடம்தான் கற்றேன்.

அந்தக் கல்வி ஒருநாள் பயன்பட்டது. மேலப்பாளையத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், காலஞ்சென்ற தம் பாட்டனாரின் பழைய கணக்கேட்டைக் கொண்டு வந்தார். பாட்டனார் தறி நெய்தவர். நூல் வாங்கிய வகையில் ஒரு வணிகருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதில் குறிக்கப்பட்டிருந்தது. கொடுத்துத் தீர்த்ததாகப் பின் பக்கங்களில் எங்கும் இல்லை.

"ஹஜ்ரத், இருபத்தைந்து ரூபாய்தானே?" என்றார் இளைஞர்.

ஏட்டில் இருந்தது ௱௨௰௫. இரண்டையும் ஐந்தையும் யாரிடமோ கேட்டு அறிந்திருந்த அவர், நடுவிலும் முன்னும் இருந்தவற்றை வெறும் சுழிப்பு என்று விட்டுவிட்டார். அது நூற்று இருபத்தைந்து. நெசவாளி ஒருவருக்கு அக்காலத்தில் அது சிறு தொகையன்று. இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர் நெடுநேரம் அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் சில வாரங்கள் அலைந்து, அவ்வணிகரின் பேரப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கணக்கைத் தீர்த்தார். இன்றைய மதிப்பில் எவ்வளவு கொடுப்பது என்பதை இரு குடும்பத்தாரும் கூடிப் பேசி முடிவு செய்துகொண்டனர்.

பள்ளி வாயிலில் ரோமானியரின் ஒன்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, பாட்டனார் எழுதிய ஒன்பதைப் படிக்கத் தெரியவில்லை! ரோமானிய எண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்ப அது வேண்டும். அதைக் கற்பிக்கும் அதே மாலையில் இந்தப் பன்னிரண்டு குறிகளையும் கற்பித்துவிடலாம்.

உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் பழைய ஏடு இருக்கக்கூடும். எண்களோடு வேறு சில குறிகளும் கண்ணில் படும். ௹ என்றால் ரூபாய். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௶ என்பது பற்று, ௷ என்பது வரவு. கால் பாகத்தை 'வ' போல எழுதியிருப்பார்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் வேகமாகப் புரட்டாமல், ஒவ்வொரு பக்கமாகப் பிரதி எடுத்துக்கொண்டு பிறகு படியுங்கள்.