கடலில் கரைத்த பெருங்காயம்

பயனற்றுப்போன முயற்சியைக் ‘கடலில் கரைத்த பெருங்காயம்’ என்பது நம்மவர் வழக்கு. சிறிய பொருளொன்று பெரிய நீர்ப்பரப்பிற் சேர்ந்தால் சுவடின்றி மறைந்துவிடும் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படையாகும். கலைப்பீட மாணவனாகிய எனக்கு அது ஓர் உவமை மட்டுமே. ஆனால், இரசாயனம் பயிலும் நண்பர் ஒருவர், “பெருங்காயம் உண்மையிற் கரைகின்றதா?” என்று ஒருநாள் வினவினார்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அடுக்களையில் அம்மம்மா கட்டிப் பெருங்காயத்தை நீரில் ஊறவிடுவார். நீர் பால்போல் வெளுக்கும். அடியிற் சிறிது தங்கும். பெருங்காயம் தனிப்பொருளன்று. நீரிற் கரையும் பிசினும், கரையாத குங்கிலியம் போன்ற பகுதியும், கந்தகச் சேர்வைகள் கொண்ட மணமுள்ள எண்ணெயும் அதில் உள்ளன. பால்போன்ற தோற்றம் கரைசலுக்குரியதன்று. கரையாத நுண்துளிகள் மிதப்பதால் உண்டாவது.

உப்பின் கரைதிறனைக் கூறுவது எளிது. 20 பாகை செல்சியசில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 36 கிராம் உப்பை ஏற்கும். மேலும் இட்டால் எஞ்சியது அடியிற் படியும், எண் மாறாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 1981இல் வெளியிட்டு 1995இல் திருத்திய 105ஆம் வழிகாட்டியும் இத்தகைய தூய பொருள்களுக்கே உரியது. நிரம்பலுக்கு வேண்டியதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு பொருளை மூன்று குடுவைகளில் நீருடன் இட்டு, 30 பாகையில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று நாள்கள் குலுக்குவர். பின்னர் ஒவ்வொன்றையும் 20 பாகையில் ஒருநாள் வைத்து, கரையாததைப் பிரித்து, நீரை அளப்பர். இறுதி இரு குடுவைகளின் செறிவும் ஒத்திருந்தால் அதுவே விடை.

பல சேர்வைகள் கலந்த பொருளுக்கு இம்முறை போதாது. ஒரு குடம் நீரில் ஒரு சிட்டிகை இட்டால் எளிதிற் கரைவன முழுவதும் கரைந்துவிடும். ஒரு கைப்பிடி இட்டால் நீரிற் சேர்வனவற்றின் விகிதமே வேறாகும். வடிகட்டியின் துளை பெரிதானால் மிதக்கும் துளிகளும் கரைந்தவையாகக் கணக்கிற் புகும். ஆதலால் இங்கே ஒற்றை எண் பொருளற்றது. எவ்வளவு பொருளை எவ்வளவு நீருடன் எத்துணை நேரம் கலக்கினோம், நீரில் எவையெவை எவ்வளவு இருந்தன என்று கூறுவதே நேர்மையான விடையாகும்.

இவ்வேறுபாடு ஆய்வுகூடத்துடன் முடிவதன்று. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பாற் கடலில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள் கொண்ட அக்கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. “கடல் பெரிசு மோனை, எல்லாம் கரைஞ்சிடும்” என்றார் அம்மம்மா. கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசியிற் பேசிய சின்னம்மாவோ, “அப்ப மீன் எதைத் தின்னுது, அம்மா?” என்று கேட்டார். அவர் வீட்டிற் பல வாரங்கள் மீன் வாங்கவில்லை.

அமிலம் நீருடன் எவ்வளவிலும் கலக்கக்கூடியது. பிளாஸ்டிக் மணி நீரிற் கரையாதது. இவ்விரண்டையும் பற்றி ஒரு சொல்லில் விடை கூறலாம். எரிந்த பிளாஸ்டிக்கைப் பற்றி அவ்வாறு கூறவியலாது. கரையொதுங்கியவற்றை ஆராய்ந்த ஆஷா டி வோஸ் முதலியோர், எரிந்தவை எரியாத மணிகளிலும் குறைந்தது மூன்று மடங்கு இரசாயனச் சிக்கல் கொண்டவை எனக் கண்டனர். அவற்றிலிருந்து எச்சேர்வை எவ்வளவு நீரிற் சேரும் என்பதைத் தனித்தனியாகவே அளக்கவேண்டும்.

2025 யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. தொழிலிழந்த மீனவனுக்கு நீதி கிடைப்பது, கடலிற் சேர்ந்தது யாது என்று எவரேனும் அளந்து கூறுவதிலும் தங்கியுள்ளது. ‘கரைந்துவிட்டது’ என்னும் சொல் அவ்விசாரணையைத் தொடங்குமுன்னரே முடித்துவிடுகின்றது. மொழி பயிலும் நாம் அச்சொல்லைச் சற்று நிதானித்து ஆளுதல் நன்று.